அடிபட்டவள் போய் நிற்கும் வாசல்

நாற்பது வருடங்களுக்கு முன் இலங்கை மலையகத்தில் மஸ்கெலியா, நல்லதண்ணிப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் புருஷனிடம் அடிபட்ட பெண் விடிந்ததும் போய் நின்ற இடம் தலைவர் வீட்டு வாசல். தலைவர் என்றால் தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவர். தோட்ட நிர்வாகியான துரையிடம் வழக்குப் பேசுகிறவரும் அவர்தான், திருவிழாவுக்கு வரி பிரிக்கிறவரும் அவர்தான், குடும்பச் சண்டைக்கு நியாயம் சொல்கிறவரும் அவர்தான். அவர் உடனே ஒன்றும் செய்யமாட்டார். பிரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்குக்கு, நேரமாகிவிட்டிருக்கும். "பின்னேரம் வா, பேசுவோம்" என்பார். அவள் வீங்கிய கன்னத்தோடு கூடையை மாட்டிக்கொண்டு மலை ஏறுவாள்.

பின்னேரம் கோயில் முன்னால் கூடுவார்கள். புருஷனுக்கு நாலு ஏச்சு விழும். கோயிலுக்கு அபராதம் கட்டச் சொல்வார்கள். கற்பூரத்தை அணைத்து, இனிக் குடிக்கமாட்டேன், கை நீட்டமாட்டேன் என்று சத்தியம் வாங்குவார்கள். அவளுக்கும் ஒரு பங்கு வைத்திருப்பார்கள்: "நீயும் வாயக் கொஞ்சம் கொறச்சிக்கம்மா, ஆம்பள அலுத்துப்போய் வர்றான்." அவளும் விடியமுன் எழும்பிச் சமைத்து, பிள்ளையைப் பிள்ளை மடுவத்தில் விட்டு, நாள் முழுக்கக் கொழுந்து பறித்து வந்தவள்தான் என்று அந்தக் கூட்டத்தில் எவரும் வாய் திறக்கமாட்டார்கள். பல தோட்டங்களில் அவளுடைய சம்பளத்தையும் அவனே கைநீட்டி வாங்கினான். ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்பது வந்ததே 1984இல்தான்.

அந்த வாசலை மட்டம்தட்டிப் பேச எனக்கு மனமில்லை. அங்கே போக பஸ் காசு வேண்டாம், படிவம் நிரப்ப வேண்டாம், அவள் பேசுகிற தமிழ் எதிரே இருந்தவருக்கு அப்படியே விளங்கியது. இந்த மூன்றும் ஒரே இடத்தில் கிடைக்கிற அலுவலகம் இன்றைக்கும் அரிது. ஆனால் அந்த வாசலில் தெரிந்த வழி ஒன்றே ஒன்று, அவளைத் திரும்ப லயம் என்கிற வரிசை வீட்டில் உள்ள அதே காம்பராவுக்கு அனுப்புவது. சத்தியம் எத்தனை நாள் நின்றது என்று பிறகு யாரும் போய்க் கேட்கவில்லை.

காயம் பெரிதாக இருந்தால் டிஸ்பென்சரி. அங்கே தோட்டத்து வைத்திய உதவியாளர் இருப்பார், தோட்டத்தாருக்கு அவர் டாக்டரய்யா. "என்னாச்சு?" என்பார். "மலையில வழுக்கி விழுந்துட்டேங்கய்யா" என்பாள். வழுக்கி விழுந்தவளுக்கு மேற்கையில் ஐந்து விரல் பதிந்த தழும்பு எப்படி வரும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். மருந்து போட்டு, புத்தகத்தில் விழுந்த காயம் என்று எழுதி அனுப்புவார். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. காய்ச்சலுக்கும் பிரசவத்துக்கும் அட்டைக்கடிக்கும் அவருக்குப் பாடம் நடத்தினார்கள். இதற்கு நடத்தவில்லை. கேட்டால் அவள் அழுவாள், அழுதால் அடுத்து என்ன செய்வது என்று தெரியாத மனிதர் கேட்காமலே விட்டார்.

பொலிசுக்குப் போவது அன்று பெரும்பாலும் நினைத்துப் பார்க்காத காரியம். 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தோடு நாடற்றவர்களாக்கப்பட்ட சனம் அது. ஸ்ரீமா - சாஸ்திரி ஒப்பந்தம் 1964இல் பாதிப் பேரை இந்தியாவுக்குப் பெயர் எழுதியது, எஞ்சியவர்கள் காகிதத்துக்காகக் காத்திருந்தார்கள். அப்படிக் காத்திருக்கிற குடும்பத்துப் பெண், தன் புருஷனையே அரசாங்கத்திடம் காட்டிக்கொடுப்பாளா? துணிந்து போனவளின் முறைப்பாடும் சிங்களத்தில் எழுதப்படும். அவள் வாசிக்க முடியாத தாளில் கையெழுத்தோ பெருவிரல் அடையாளமோ வைத்துவிட்டு வருவாள். இந்திய வம்சாவளி மக்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தபோதுதான் அந்தக் காகிதப் பிரச்சினை ஏறக்குறைய முடிந்தது. வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டம் வந்தது அதற்கு இரண்டு வருடங்கள் கழித்து, 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டமாக. தோட்டத்துப் பெண்ணைப் பொறுத்தவரை இந்த இரண்டையும் சேர்த்துப் படிக்கவேண்டும். முதலாவது இல்லாமல் இரண்டாவதைத் தொட அவளுக்குத் துணிவு வந்திருக்காது.

இந்தச் சட்டத்தின்படி அவளோ, அவள் சார்பில் ஒரு பொலிஸ் உத்தியோகத்தரோ நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். அவசரமென்றால் இடைக்காலக் கட்டளை. 14 நாட்களுக்குள் விசாரணை. முழுக் கட்டளை 12 மாதம்வரை நிற்கும். அடி உதை மட்டுமல்லாமல் மனத்தை நோகடிக்கும் கொடுமையும் இதற்குள் அடங்கும். கட்டளையை மீறினால் 10,000 ரூபாய்வரை அபராதம், அல்லது ஒரு வருடம்வரை சிறை, அல்லது இரண்டும். இதெல்லாம் பலர் எழுதியாயிற்று. அதிகம் பேசப்படாத ஒரு பிரிவு உண்டு. இரு தரப்பையும் சமூக சேவையாளரிடமோ குடும்ப ஆலோசகரிடமோ அனுப்பவும், கட்டளை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்து அறிக்கை தரும்படி நன்னடத்தை உத்தியோகத்தர், குடும்பநல உத்தியோகத்தர் போன்றோரைப் பணிக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. குடும்பநல உத்தியோகத்தர் என்றால் நம்முடைய மிட்வைஃப்தான். பிள்ளையின் நிறையைக் கார்டில் குறிக்கிற, தடுப்பூசிக்கு நாள் சொல்கிற மிட்வைஃப். இவ்வளவு பாரமான வேலையை அவர் தலையில் வைக்கச் சட்டம் இடம் கொடுத்துவிட்டது. அதற்கு அவரை ஆயத்தப்படுத்துவது யார், எத்தனை தடவை, எந்த மொழியில் என்பது சட்டத்தில் இல்லை. இருக்கவும் முடியாது. அது பயிற்சி கொடுக்கிறவர்களின் பொறுப்பு. இருபது வருடமாக அரையும் குறையுமாக நிற்கிற பொறுப்பும் அதுதான் என்பது என் எண்ணம்.

இன்றைக்கு அவளுக்கு வாசல்கள் கூடிவிட்டன. பொலிஸ் நிலையங்களில் பெண்கள், சிறுவர் பிரிவு. பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர். பெரிய ஆஸ்பத்திரிகளில் சுகாதார அமைச்சின் 'மிதுரு பியச', தமிழில் நட்பு நிலையம். தொலைபேசியில் 1938. கொழும்பில் 1987இல் தொடங்கிய 'விமன் இன் நீட்' அமைப்பின் சட்ட உதவியும் ஆலோசனையும். குடிசன மதிப்பீட்டுத் திணைக்களம் 2019இல் நடத்திய பெண்கள் நல்வாழ்வு ஆய்வு, துணைவனிடம் உடல் அல்லது பாலியல் வன்முறையை வாழ்நாளில் ஒருமுறையாவது பட்டவர்கள் ஐந்தில் ஒருவர் என்று நாட்டுக்கே கணக்குச் சொன்னது. கோயில் முன்னால் பேசி முடித்த விஷயம் இப்போது அரசாங்கப் புள்ளிவிவரம்.

ஆனால் நல்லதண்ணியிலிருந்து பார்த்தால் இந்த வாசல்கள் எல்லாம் மலைக்குக் கீழே இருக்கின்றன. ஹட்டன் நீதிமன்றத்துக்கு முப்பது கிலோமீட்டருக்கு மேல். நீண்ட காலம் இந்தப் பக்கத்துக்குரியதாக இருந்த அம்பகமுவ பிரதேச செயலகம் கினிகத்தேனையில், அது ஹட்டனையும் தாண்டி. சிவனொளிபாத மலை சீசனில், டிசம்பர் பௌர்ணமி தொடங்கி வெசாக் வரைக்கும், ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்கு பஸ் நிறைய ஓடும். சீசன் முடிந்து மழை பிடித்துக்கொண்டால் மஸ்கெலியாவில் இறங்கி மாற வேண்டும், கடைசி பஸ்ஸை விட்டால் அவ்வளவுதான். அடிபட்டவள் காலண்டரைப் பார்த்து அடிபடுவதில்லை. ஆகவே தோட்டத்துக்குள்ளேயே முதலில் அவள் பேச்சைக் கேட்கிறவர் யார், அவருக்கு என்ன தெரியும் என்பதில்தான் மற்ற எல்லா வாசலும் திறப்பதும் மூடுவதும்.

பயிற்சி என்ற பெயரில் நடப்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். நவம்பர் 25 முதல் டிசம்பர் 10 வரை உலகம் முழுக்கப் பெண்கள் மீதான வன்முறைக்கு எதிரான 16 நாட்கள். மலையகத்திலும் கூட்டங்களும் செயலமர்வுகளும் அந்த இரண்டு கிழமைக்குள் அடைந்துவிடுகின்றன. மண்டபத்தில் பேனர், ஆளுக்கொரு பை, கொப்பி, பேனா. காலையில் சட்டம், பத்து மணிக்குத் தேத்தண்ணி, பிறகு திரையில் ஒரு சக்கரம். அமெரிக்காவில் மினசோட்டாவின் டுலூத் நகரத்தில் 1980களில், அடிபட்ட பெண்கள் சொன்னதை வைத்தே வரைந்த 'அதிகாரமும் கட்டுப்பாடும்' சக்கரம் அது. அருமையான கருவி. அடி என்பது கோபத்தில் தற்செயலாக நடப்பதில்லை, காசைப் பிடித்து வைப்பது, பிள்ளைகளைக் காட்டி மிரட்டுவது, சொந்தக்காரரோடு பேசவிடாமல் செய்வது என்று பல கம்பிகளால் பின்னிய கட்டுப்பாடு என்பதை ஒரே பார்வையில் காட்டும். ஆனால் அந்தக் கம்பிகளில் தோட்டம் இல்லை. நகையை அவளுக்குத் தெரியாமல் அடகு வைப்பதும், வெளிநாட்டில் வீட்டு வேலை செய்து அவள் அனுப்பிய காசைக் குடித்துத் தீர்ப்பதும், சேமலாப நிதிப் பணம் வருகிற நாளில் மட்டும் அன்பாக இருப்பதும் அதில் வரைந்திருக்காது. அவற்றையும் வரைந்து காட்டத் தெரிந்த பயிற்றுநர் கிடைத்தால் மண்டபத்தில் பின்வரிசையில் இருக்கிற பெண்களும் நிமிர்ந்து உட்காருவார்கள்.

பின்னேரம் நடித்துக் காட்டும் பயிற்சி. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார வேண்டும், ஒருவர் அடிபட்டவளாக, ஒருவர் உதவி செய்பவராக. அடிபட்டவளாக வருகிறவர் நாலு வசனம் பேசுவதற்குள் மற்றவர் வாயிலிருந்து அறிவுரை வந்துவிடும். "பிள்ளைகள நெனச்சுப் பாருங்க." "அவரு குடிக்கறப்ப நீங்க ஏன் வாய் குடுக்கறீங்க?" "இவ்வளவு நாளா ஏன் யார்ட்டயும் சொல்லல?" மூன்றுமே நல்ல மனதிலிருந்து வருகிறவை, மூன்றுமே அவளை எழும்பிப் போகச் செய்கிறவை. பயிற்றுநர் நிறுத்தி, திரும்பச் செய்யச் சொல்வார். உலக சுகாதார நிறுவனம் 2014இல் மருத்துவப் பணியாளருக்காக வெளியிட்ட கைநூல் இந்த இடத்துக்கு ஐந்து படிகளை வைத்திருக்கிறது: குறுக்கே பேசாமல் கேள், அவளுக்கு என்ன தேவை என்று விசாரி, நீ சொல்வதை நம்புகிறேன், இது உன் பிழை இல்லை என்று வாயால் சொல், இன்றிரவு அவளுக்கு என்ன ஆபத்து என்று சேர்ந்து யோசி, உதவக்கூடிய அடுத்த ஆளோடு இணைத்துவிடு. வாசிக்க ஒரு நிமிடம். பழக்கத்தில் வருவதற்கோ மாதக்கணக்கு. "ஏன் சொல்லல?" என்ற கேள்வி பிறந்ததிலிருந்து நம் வாயில் இருப்பது. அதை ஒரு பின்னேரத்தில் எடுத்துப் போட முடியாது. சான்றிதழ் வாங்கிப் போன ஆறு மாதத்தில், பிள்ளை அழுகிற, ஆள் காத்திருக்கிற நெருக்கடியில், பழைய கேள்வியே முந்திக்கொண்டு வரும். இரண்டாவது பயிற்சி, மூன்றாவது பயிற்சி என்று கேட்பது இதனால்தான். புதிதாக ஒன்றைக் கற்றுக்கொடுக்க என்பதைவிட, பழையது திரும்ப வராமல் பார்த்துக்கொள்ள.

பயிற்சியால் பலன் உண்டா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு நம் நாட்டிலேயே பதில் இருக்கிறது. கண்டி மாவட்டத்துக் குடும்பநல உத்தியோகத்தர்களுக்குப் பயிற்சி கொடுத்து, முன்னும் பின்னும் ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வு 2015இல் வெளிவந்தது. பயிற்சிக்குப் பிறகு அவர்கள் அடிபட்ட பெண்களை இனங்காண்பதும் உதவுவதும் தெளிவாகக் கூடியிருந்தது. அதே வருடம் வந்த இன்னொரு ஆய்வு பதுளை மாவட்டத் தோட்டங்களுக்குப் பொறுப்பான மிட்வைஃப்மாரிடம் நேரில் பேசியது. உதவ மனமிருக்கிறது, அதற்கான திறமையையும் கூட நிற்க ஆட்களையும் கொடுங்கள் என்பதே அவர்கள் சொன்னதன் சாரம்.

மிட்வைஃபுக்குத் தோட்டத்தில் வேறெவருக்கும் இல்லாத ஒரு வசதி உண்டு. அவர் லயத்துக்குள் போனால் ஏன் வந்தார் என்று யாரும் கேட்கமாட்டார்கள். கர்ப்பிணியைப் பார்க்கவோ பிள்ளையைப் பார்க்கவோ வந்திருப்பார். மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரின் வாகனம் ஒரு காம்பராவின் முன் நின்றாலோ அன்று மாலைக்குள் தோட்டம் முழுக்கத் தெரியும். ஆனாலும் மிட்வைஃப் அந்தக் கேள்வியைக் காம்பராவுக்குள் வைத்துக் கேட்டுவிடக்கூடாது. பழைய லயத்தில் ஒரு வீட்டுப் பேச்சு அடுத்த வீட்டுக்கு அப்படியே கேட்கும். அடுத்த வீட்டில் இருப்பது பெரும்பாலும் புருஷனின் அண்ணனோ அம்மாவோ. ஆகவே பிள்ளை நிறுக்கிற நாளில், கிளினிக்கில், தனியாகக் கூப்பிட்டு, "வீட்டுக்குப் போக உங்களுக்குப் பயமா இருக்கா?" என்று கேட்கவேண்டும். பதிலைக் கார்டில் எழுதக்கூடாது, அந்தக் கார்டைப் புருஷனும் பார்ப்பான். தனியாகக் கேட்கவேண்டும் என்று கைநூலில் இருக்கலாம், லயத்தில் அதை எங்கே, எப்படிச் செய்வது என்று அது சொல்லித்தராது. தோட்டத்தில் வேலை செய்து பழகியவர் அடுத்தவருக்குச் சொல்லித்தர வேண்டிய பாடம் இது. அந்தச் சொல்லித்தரலுக்கு நேரமும் இடமும் ஒதுக்குவதைத்தான் நான் தொடர் பயிற்சி என்கிறேன்.

பாதுகாப்புக் கட்டளையும் அப்படித்தான், தோட்டத்தை அறிந்தவர்தான் அதைக் கையாள முடியும். வீட்டுக்குள் வரக்கூடாது என்று நீதவான் உத்தரவு போடுகிறார். வீடு தோட்டத்துடையது, இருவர் பேரும் தோட்டத்து வேலையாள் பதிவான செக்ரோலில். அவன் எங்கே போவான்? சுவருக்கு அந்தப் பக்கம், அம்மா காம்பராவுக்கு. தண்ணீர்ப் பைப்படியும் முன்வாசலும் பொது. அவளோ கல்யாணமாகி வேறு தோட்டத்திலிருந்து வந்தவள், அவள் சனம் பக்கத்தில் இல்லை. இந்த நிலையில் கட்டளை வாங்கித் தருவதா, சில மாதம் தாய்வீட்டில் இருக்க வழி செய்வதா, பிள்ளையின் பள்ளிக்கூடத்தை என்ன செய்வது, வேலையை மாற்றித் தரும்படி துரையிடம் யார் பேசுவது என்று ஒவ்வொன்றாக எடைபோட வேண்டும். அதைச் சட்டத்தை மனப்பாடம் செய்தவரால் செய்ய முடியாது. நடந்த கேஸ்களைப் பெயர் சொல்லாமல் மேசையில் வைத்து, மாதம் ஒருமுறை நாலைந்து பேர் சேர்ந்து பேசினால்தான் அந்த எடைபோடுதல் கைவரும். பொலிஸ், மிட்வைஃப், உளவளத்துணை உத்தியோகத்தர் ஆகிய மூவரும் ஒரே மேசையில் இருந்தால், "மத்தியஸ்த சபைக்குப் போங்க" என்று கைகழுவி விடுகிற பழக்கமும் குறையும்.

தமிழ்நாட்டிலிருந்தும் ஒரு பாடம் எடுத்துக்கொள்ளலாம். 1992இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறந்தபோது நாடே பார்த்தது. பிறகு மாநிலம் முழுக்கப் பரவியது. அங்கே முறைப்பாட்டோடு வந்த எத்தனையோ பெண்கள் சமாதானம் பேசி வீட்டுக்கே அனுப்பப்பட்டார்கள் என்ற குறை இன்றுவரை பேசப்படுகிறது. இருந்தவர் பெண் என்பதால் மட்டும் கேட்கும் விதம் மாறிவிடவில்லை.

மொழியைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. 1987இன் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. இருந்தும் மலையகத்தில் பல பயிற்சிகள் சிங்களத்தில் நடந்து, பக்கத்தில் ஒருவர் மெல்லத் தமிழில் சொல்லித்தருவதோடு முடிகின்றன. தமிழிலேயே உளவளத்துணைப் பயிற்சி என்ற மரபு இலங்கையில் யுத்தகாலத்து யாழ்ப்பாணத்தில் வேர்பிடித்தது. 'சாந்திகம்' நிறுவனமும், மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் போன்றவர்களும் அதற்குப் பாடுபட்டார்கள். அந்த அனுபவம் மலைநாட்டுக்கும் சொத்து. ஆனால் ஷெல்லடியிலும் இடப்பெயர்விலும் நொந்தவரோடு பேசிப் பழகிய பயிற்றுநர் கொழுந்து மலைக்கு வந்தால், முதல் கிழமை அவர் மாணவராகத்தான் இருக்கவேண்டும். மலையகத்திலேயே பயிற்றுநர்களை வளர்த்தெடுப்பதுதான் நின்று நிலைக்கும். கண்டியின் சமூக அபிவிருத்தி நிறுவகமும், தொழிற்சங்கத்துக்குள் இருந்தே பெண்களின் தலைமைக்காகப் போராடிய மேனகா கந்தசாமியும் தோட்டத்துப் பெண்களிடையே காட்டிய வழி அதற்கு ஒரு தொடக்கம்.

உதவி செய்கிறவர்களின் மனத்தையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். பகல் முழுக்க அடி, சூடு, தற்கொலை முயற்சி என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறவருக்குத் தூக்கம் வராது. சிலருக்கு மனம் மரத்துப்போகும். வருகிறவளிடம் எரிந்து விழுவார்கள். தோட்டத்துக்குள்ளேயே குடியிருக்கும் தொண்டர் ஒருவருக்கு இன்னொரு ஆபத்து: "என் குடும்பத்தப் பிரிச்சவ நீதான்" என்று இரவில் கதவைத் தட்டுகிற புருஷன். மூத்த ஒருவரிடம் மாதம் ஒருமுறை மனம்விட்டுப் பேசும் ஏற்பாட்டை வெளிநாடுகளில் வேலையின் ஒரு பகுதியாகவே வைத்திருக்கிறார்கள். இங்கே அதைச் சலுகை மாதிரி நினைக்கிறோம். இரண்டு வருடம் பயிற்சி கொடுத்து ஆளாக்கிய உத்தியோகத்தர் கஷ்டப் பிரதேசம் என்று இடமாற்றம் வாங்கிப் போய்விட்டால் அந்த வாசல் மறுபடி பூட்டிக்கொள்கிறது. போகிறவர்களில் எத்தனையோ பேரைத் தாங்க ஆளிருந்தால் நிறுத்தி வைத்திருக்கலாம்.

2024ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கப் பெண்கள் வலுவூட்டல் சட்டத்தால் தேசிய பெண்கள் ஆணைக்குழுவுக்கு வழி பிறந்திருக்கிறது. நல்ல வேளை. ஆனால் அரசாங்கம் பயிற்சிக்குச் சுற்றறிக்கை அனுப்பினால் அது அரச உத்தியோகத்தருக்குத்தான் போகும். தோட்டத்தில் அவள் முதலில் பார்க்கிற முகங்களில் பாதிப் பேர் அரச உத்தியோகத்தர்கள் அல்லர். தோட்டத்து வைத்திய உதவியாளரும், பிள்ளை மடுவத்தைப் பார்க்கிற பிள்ளை பராமரிப்பு உத்தியோகத்தரும் கம்பனியின் ஆட்கள். தலைவரும் மாதர் பிரிவுக்காரரும் சங்கத்தின் ஆட்கள். லயத்துக்குள் துணிந்து நிற்கிற அக்காமார் யாருடைய ஆட்களும் இல்லை. இவர்களை விட்டுவிட்டுக் கீழே எத்தனை நிலையம் கட்டினாலும் நல்லதண்ணியிலிருந்து அவள் அங்கே போய்ச் சேரமாட்டாள். செய்யக்கூடிய ஒன்றைக் கேட்கிறேன். கம்பனிகளும் சங்கங்களும் சம்பளம் பேச மேசையில் உட்காரும்போது, வைத்திய உதவியாளருக்கும் பிள்ளை மடுவத்தாருக்கும் வருடத்தில் குறிப்பிட்ட நாட்கள் இந்தப் பயிற்சிக்கு என்று எழுதி வைக்கட்டும். மலையிலிருந்து வருகிற தொண்டர் பெண்ணுக்குப் பயிற்சி நாளிலும் முழுப் பேர், அதாவது முழு நாள் வேலைக் கணக்கு, போடப்படும் என்பதையும் அதே தாளில் சேர்க்கட்டும். இன்றைக்கு அவள் ஒரு நாட்சம்பளத்தை விட்டுத்தான் மண்டபத்துக்கு வருகிறாள்.